குருட்டுக் கொக்கின் வரவு செலவு

நமது சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் கடன், தவணை, வட்டி, பாக்கி ஆகியவற்றைப்பற்றியே பெரும்பாலும் விவாதம் நடக்கும். ஒரு பறவையைக் குறித்துத் தீர்மானம் கொண்டுவரப்பட்டதை நான் என் உத்தியோக காலத்தில் ஒரே ஒரு முறைதான் கண்டிருக்கிறேன். அது வடசென்னையில் காசிமேட்டில் கூடிய ஒரு மீனவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்ந்தது. அச்சங்கத்தின் அங்கத்தினர்களில் சிலர் விசைப்படகில் கடலுக்குச் செல்பவர். சிலர் எண்ணூர்க் கழியில் வலை வீசியும் இறால் பிடித்தும் பிழைப்பவர். கழியில் தொழில் செய்யும் முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நாங்கள் பிடிக்க வேண்டிய குஞ்சையெல்லாம் கொக்கு தின்றுவிடுகிறது. வலையில் ஒன்றும் விழுவதில்லை. அதை விரட்டுவதற்குச் சங்கம் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும்" என்றார். காரியதரிசி உடனே ஒரு தீர்மானம் எழுதினார். கழியோரத்திலும் கால்வாய்க் கரையிலும் கொக்குகளை விரட்டுவதற்கும், அவை கூடு கட்டும் மரங்களின் கிளைகளைக் கழிப்பதற்கும் பொது நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்குவதென்பது அதன் சாரம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொக்கைக் கொல்வதும், பிடிப்பதும், அதன் முட்டையையும் கூட்டையும் அழிப்பதும் குற்றமாகும். ஆதலின் அத்தீர்மானம் செல்லாது என்று நான் ஒரு வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம். ஆயினும் சட்டத்தைக் காட்டி ஒருவர் வாயை அடைப்பதனால் அவர் மனத்திலுள்ள கணக்குத் தீர்ந்துவிடாது. முதியவர் ஒரு நஷ்டத்தைச் சொல்கிறார், நஷ்டம் உண்மை. அந்த நஷ்டத்தை யார் பேரில் பற்று எழுதுவது என்பதே கேள்வி. புஸ்தகத்தைப் பாராமல் ஒருவர் பேரில் பற்று எழுத நமது இலாகா எவரையும் அனுமதிப்பதில்லை. ஆகவே தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கும்படியும், அதற்குள் அப்பறவையின் நடவடிக்கைகளை நேரில் பரிசோதிக்கலாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பரிசோதனையில் கண்டவற்றையும், பறவை நூல் வல்லார் எழுதியுள்ளவற்றில் நமக்கு வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன். கிராமத்தில் ஏரியும் குளமும் வயலும் உடைய அங்கத்தினர்களுக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயமே. ஏனெனில் காசிமேட்டில் குற்றம் சாட்டப்பட்ட அதே பறவைதான் உங்கள் மடைவாயிலிலும் நிற்கிறது.

முதலில் குற்றவாளியை அடையாளம் காண வேண்டும். கொக்கு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. நம் நாட்டில் நீரில் நின்று இரை தேடும் பறவைகள் பல. உடல் முழுவதும் வெண்மையும், கரிய அலகும், மஞ்சள் விரல்களும் உடையது சின்ன வெண்கொக்கு. மாட்டின் பின்னே போய்ப் பூச்சி பொறுக்குவது உண்ணிக்கொக்கு. பழவேற்காட்டு ஏரியில் கூட்டமாக வந்து, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் தோய்த்துச் சேற்றை அரிக்கும் உயர்ந்த பறவை பூநாரை. முதியவர் கைநீட்டிக் காட்டியதோ இவற்றுள் ஒன்றுமன்று. அது மடையான், குளக்கொக்கு என்றும், குருட்டுக் கொக்கு என்றும் சொல்வதுண்டு. அலகு முதல் வால்வரை சுமார் ஒன்றரை அடி. கழுத்தைச் சுருக்கித் தோளுக்குள் வைத்துக்கொண்டு கூனிக் குறுகி நிற்கும். முதுகு மண்ணின் நிறம்; கழுத்திலும் மார்பிலும் பழுப்புக் கோடுகள்; கால் மங்கிய பசுமை. சேற்றில் நிற்கும்போது பத்தடி தூரத்திலும் அது தென்படாது. ஆனால் எழுந்து பறந்த கணத்தில், அதுவரை மறைந்திருந்த சிறகுகள் பளீரென்று வெள்ளையாக விரியும். மண்ணாங்கட்டி ஒன்று திடீரென வெண்பறவையானது போலிருக்கும். 1832-இல் தக்காணத்துப் பறவைகளை ஆராய்ந்த சைக்ஸ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இதனைப் பறவை நூலில் முதன்முதலாக வருணித்தார். பாரசீகத்தின் தென்பகுதியிலிருந்து இந்தியா, இலங்கை, பர்மாவரை இது வாழ்கிறது.

மடையான் என்ற பெயர் மடையருகே நிற்பதனால் வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது, மடமையால் வந்ததன்று. மடையருகே அடக்கத்துடன் காத்திருக்கும் கொக்கை மூதுரையில் ஔவையார் அறிவுடையோர்க்கு உவமையாக்கியிருப்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். குறுந்தொகையில் கபிலர் பாடிய பாட்டு ஒன்றில், தலைவனும் தலைவியும் கூடியபோது வேறு சாட்சி இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றே இருந்தது என்று வருகிறது. அக்குருகின் கால் பசுமையானதென்றும் அப்புலவர் கவனித்திருக்கிறார். கருங்கால் உடைய வெண்கொக்கைக் காட்டிலும் நமது மடையானுக்கே இவ்வடையாளம் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம். தமிழ்ப் புலவர்கள் வாய்க்கு வந்தபடி வருணித்தவர்கள் அல்லர். நின்று பார்த்து எழுதியவர்கள்.

குருட்டுக் கொக்கு என்ற பெயரோ முற்றிலும் அநியாயமானது. மனிதன் மிக அருகில் வரும்வரை இது பறப்பதில்லை. ஆதலின் இதற்குக் கண் தெரியாது என்று ஜனங்கள் எண்ணிவிட்டனர். இலங்கையில் சிங்களவரும் இதனைக் குருட்டுக் கொக்கு என்ற பொருள்படும் பெயராலேயே அழைக்கின்றனர். உண்மையில், தன் மண்ணிறத்தை நம்பியே அது அசையாமல் நிற்கிறது. அதன் கண்ணைப்பற்றி ஆராய்ந்தவர்கள் கண்டது வியக்கத்தக்கது. கொக்கினத்தின் கண்கள் தலையின் இருபுறமும் சற்றுக் கீழ்நோக்கி அமைந்திருப்பதால், அலகை நேரே நீட்டியிருக்கும்போதே தன் காலடியில் நடப்பதை இரண்டு கண்களாலும் அது பார்க்க முடியும். தலையைக் குனிய வேண்டியதில்லை. குனிந்தால் நிழல் விழும், மீன் ஓடும்.

இன்னொரு திறமையும் உண்டு. தெளிந்த நீரில் ஒரு மூங்கில் கழியைச் சாய்த்து ஊன்றினால், நீர்மட்டத்தில் அது ஒடிந்தாற்போலத் தோன்றுவதை யாவரும் பார்த்திருப்பீர்கள். நீருக்குள் இருக்கும் பொருள் அது உள்ள இடத்தில் தோன்றாமல் சற்று மேலே தோன்றும். ஈட்டியால் மீன் குத்துபவர்கள் மீனைக் குறிவைப்பதில்லை. மீனுக்குச் சற்றுக் கீழே குறிவைப்பார்கள். கடற்கரைக் கொக்கு ஒன்றை வைத்துச் சோதித்தவர்கள், அதுவும் இவ்விதமே வித்தியாசத்தைக் கணித்து ஈடுசெய்து குத்துகிறது என்று நிரூபித்திருக்கின்றனர். கழுத்தின் அமைப்பும் அதற்கேற்றது. கழுத்தெலும்புகளுள் ஆறாவது எலும்பு நீண்டு, மடக்குக் கத்தியின் கீல்போல் இருப்பதால், சுருங்கியிருந்த கழுத்து விசையுடன் முன்னே பாயும். பறக்கும்போதும் கொக்கு கழுத்தை மடித்துக்கொண்டே பறக்கும். கழுத்தை நீட்டிப் பறப்பவை நாரைகளும் பூநாரைகளும். வானத்தில் தூரத்தே போகும் பறவை எவ்வினம் என்று அறிய இது நல்ல அடையாளம்.

நிற்க, பரிசோதனைக்கு வருவோம். ஒரு நாள் விடியற்காலை நீர் வற்றும் வேளையில், முதியவரும் காரியதரிசியும் நானும் எண்ணூர்க் கழியோரம் போய் உட்கார்ந்தோம். காசிமேட்டுத் துறைமுகத்தில் பார்த்தாலும் மடையான் உண்டு. படகுகளைக் கட்டியிருக்கும் வடத்தின்மேல் உட்கார்ந்து நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏலத்தில் கழித்தெறியும் மீனுக்குக் காக்கையும் பருந்தும் சண்டையிடும். மடையான் பெரும்பாலும் அதில் கலப்பதில்லை. உயிருள்ள இரையே அதற்கு விருப்பம். ஆனால் துறைமுகத்தில் அது தின்பதைக் கண்டு கழிக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாதாகையால் கழிக்கே போனோம்.

எங்களுக்கு எதிரே நாற்பதடி தூரத்தில் ஒரு மடையான் நின்றது. அரைமணி நேரம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். பெரும்பகுதி நேரம் அது ஒன்றுமே செய்யவில்லை. சுமார் ஒரு டஜன் தடவை குத்தியிருக்கும். அவற்றுள் பாதிக்குமேல் வெறும்வாயாகவே திரும்பிற்று. அகப்பட்டவற்றுள் சிறு நண்டுகள் இரண்டை நாங்கள் நன்றாகக் கண்டோம். ஒன்று மீன்குஞ்சு. மற்றவை இன்னதென்று தெரியாதபடி சிறியவை. முதியவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இது தின்பதைப் பார்த்தால் நம் கைக்கு வரவேண்டிய சரக்கு அல்லவே, ஐயா" என்றார். அரைமணிப் பார்வை ஒரு சாட்சியமாகாது என்று நானே அவருக்குச் சொன்னேன். ஆயினும் பலர் பல இடங்களில் நெடுங்காலம் பார்த்து எழுதியிருப்பதும் இதற்கு ஒத்ததே: மடையானின் உணவு நண்டு, சிறு இறால், நீர்ப்பூச்சி, தவளை, தலைப்பிரட்டை, சிறுமீன், வயலில் வெட்டுக்கிளி, சுவர்க்கோழி முதலியன. கால் குட்டையானபடியால் சில அங்குல ஆழத்துக்குமேல் அது இறங்க முடியாது. ஆழத்து மீன் அதற்கு எட்டாத பொருள்.

எனினும் மடையான் முற்றும் நிரபராதி என்று நான் எழுதப்போவதில்லை. மீன் வளர்க்கும் குளங்களைக் குத்தகைக்கு எடுத்துள்ள சங்கங்கள் இதனைக் கவனிக்க வேண்டும். நாற்றங்கால் குளத்தில் நெருக்கமாக விடப்பட்ட கெண்டைக் குஞ்சுகளைக் கண்டால் மடையான் தினமும் வரும், நஷ்டமும் உண்டாகும். இதற்குப் பரிகாரம் துப்பாக்கியோ கண்ணியோ அன்று. நாற்றங்கால் சிறிய இடமே. குஞ்சு ஒரு விரல் நீளம் வளரும்வரை அதன்மேல் பழைய வலையை இழுத்துக் கட்டிவிடலாம். பெரிய குளத்தில், கரையோரம் சரிவாக இல்லாமல் ஓரடிக்குமேல் ஆழம் இருக்கும்படி செங்குத்தாக வெட்டிவிட்டால் மடையானுக்குக் கால் வைக்க இடமிராது. மிகச் சிறிய குஞ்சுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக் குளத்தில் கொட்டுவதைவிட, வளர்ந்த குஞ்சுகளைக் கொஞ்சமாக விடுவது பலவிதத்தில் லாபம். அதே மடையான் பக்கத்து நெல்வயலில் இறங்கினால் வரப்பைத் துளைத்து நீரைக் கசியவிடும் வயல் நண்டைத் தின்கிறது. வரப்பு உடைந்து இரவில் மண்வெட்டியோடு ஓடியவர்களுக்கு நண்டின் உபத்திரவத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதன் இல்வாழ்க்கையையும் சிறிது அறிதல் நன்று. ஆண், பெண் இரண்டும் பார்வைக்கு ஒன்றே. முட்டையிடும் பருவம் வந்தால் மடையானின் கோலமே மாறிவிடும். முதுகில் அரக்கு நிறத் தூவிகள் சடைபோல் தொங்கும். தலையிலிருந்து நீண்ட வெண்தூவிகள் பின்னால் நீளும். அப்போது அதைக் கண்டு வேறு பறவை என்று பந்தயம் கட்டித் தோற்றவர்களை நான் அறிவேன். மழையைத் தொடர்ந்து, இரை மிகுந்திருக்கும் காலத்தில் கூடு கட்டும். மா, புளி, அரசு முதலிய மரங்களில் பல ஜோடிகள் சேர்ந்து வாழும். ஜனநடமாட்டமுள்ள தெருவோர மரமானாலும் அஞ்சுவதில்லை. கூடு என்பது சுள்ளிகளாலான ஒரு மேடை, அவ்வளவே. அதில் மூன்று முதல் ஐந்து வரை இளநீலப் பசுமையான முட்டைகள் இருக்கும். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். இரண்டும் இரை கொணர்ந்து ஊட்டும். முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிக்கும். ஆதலின் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் பருமனில் வித்தியாசம் மிகுதி. இரை நிறைந்த ஆண்டில் எல்லாம் பிழைக்கும். இரை குறைந்தால், மூத்தவை முந்திக்கொள்ள, கடைக்குட்டி பட்டினியால் இறக்கும். மரத்தடியில் விழுந்து கிடக்கும் அச்சிறு குஞ்சு, சுற்றியுள்ள நீர்நிலையில் அவ்வாண்டு வரவு குறைந்துவிட்டது என்பதற்கு ரசீது.

கொக்கினத்தின் மார்பில் ஒருவகை விசேஷத் தூவி உண்டு. அது உதிராமல் நுனியிலேயே மாவாகப் பொடிந்துகொண்டிருக்கும். விலாங்கு முதலிய மீன்களின் வழுவழுப்பு இறகில் ஒட்டிக்கொண்டால், கொக்கு அந்த மாவைத் தடவிக் காயவைத்து, நடுவிரல் நகத்திலுள்ள சீப்புப் போன்ற பற்களால் வாரி எறிந்துவிடும். மீன் வழுவழுப்புக்கு இயற்கை இவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறது. எண்ணெய்க்குச் செய்யவில்லை. இதை நான் ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

இனி, முதியவரின் நஷ்டத்துக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலோடு சேர்கிறது. அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரி. இவ்விரண்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே முதலில் வெட்டப்பட்ட இக்கால்வாய் வடக்கும் தெற்கும் நீண்டு, 1877-78-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களின் உழைப்பாலும் விரிந்து, அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இக்கழியின் ஆழமில்லாத ஓரங்களே இந்த வட்டாரத்து இறாலுக்கு நாற்றங்கால். பெரிய இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் அலையோடும் வெள்ளத்தோடும் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வருகின்றன. அங்கே சேற்றிலும் அலையாத்தி மரங்களின் வேரிடையிலும் சில மாதங்கள் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே காசிமேட்டு விசைப்படகுக்காரர் ஆழ்கடலில் பிடித்து ஏலம் கூறும் இறாலில் ஒரு பங்கு, எண்ணூர்ச் சேற்றில் வளர்ந்த முதல்தான். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கழியைப்பற்றி என்ன என்று கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். அதற்கு விடை இதுவே.

மடையான் நிற்கும் இடமும் இறால் வளரும் இடமும் ஒன்று. அங்கேயே மனிதரும் இறங்குகின்றனர். இருளர் குலத்துப் பெண்டிரும் ஆடவரும், பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, நீரில் அமிழ்ந்து இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைக் கழியோரத்தில் பார்க்கலாம். படகும் இல்லை, வலையும் இல்லை, கைதான் கருவி. மடையானைப் போலவே அவர்களும் ஆழமில்லாத, உயிருள்ள சேற்றை நம்பியவர்கள். பழவேற்காட்டு மீனவர்கள் பாடு என்ற முறையை வைத்திருக்கின்றனர்: ஏரியில் வலையிடும் இடங்களைச் சீட்டுப்போட்டு, முறைமாற்றி, ஒருவரே நல்ல இடத்தை எப்போதும் பிடித்துக்கொள்ளாதபடி பங்கிடுவது. ஐக்கிய சங்கச் சட்டம் வருமுன்பே ஐக்கியம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இந்தச் சேற்றுக்கு நேர்ந்தது என்ன? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இல் தொடங்கிற்று. எரிந்த நிலக்கரியின் சாம்பலை நீரோடு கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவது வழக்கம். அக்குழாய்கள் பல ஆண்டுகளாகக் கசிந்தும் உடைந்தும் சாம்பற் குழம்பு கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் படிந்துவந்தது. படகு மிதந்த இடத்தில் முழங்கால் அளவு நீர். முழங்கால் அளவு இருந்த இடத்தில் சாம்பல் திட்டு. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன்பின் கழியை ஒட்டிய உப்பளங்களும் சேற்று நிலங்களும் பல இடங்களில் மேடாக்கப்பட்டன. நாட்டுக்கு மின்சாரமும் துறைமுகமும் வேண்டும். இதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் செலவை யார் கணக்கில் எழுதினார்கள் என்று பார்த்தால், பேரேட்டில் எங்குமே எழுதவில்லை. எழுதப்படாத செலவு முதியவரின் வலையில் வந்து குறைகிறது.

2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் ஒதுங்கிய கசண்டை ஜனங்கள் வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிக்குள் பரவிற்று. படகுகளும் வலைகளும் கருமையாயின. பல நாள் தொழில் நின்றது. கூழைக்கடாக்கள் எண்ணெயில் தோய்ந்து பறக்க இயலாமல் திரிந்ததை ஜனங்கள் கண்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு விசாரித்தது.

பறவையின் இறகு கூரை வேய்ந்ததைப் போன்றது. இழைகள் ஒன்றோடொன்று கொக்கிகளால் பின்னி, இடையே காற்றைச் சிறைப்படுத்தி, நீர் உடலைத் தொடாதபடி காக்கின்றன. எண்ணெய் பட்டால் அக்கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும், கூரை பிரியும், உடற்சூடு போய்விடும். பறவை அதை அலகால் கோதும். கோதுவதால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். மேலே சொன்ன மாவுத் தூவியும் நகச் சீப்பும் இதற்கு உதவமாட்டா. மடையான் நீந்துவதில்லையாதலின் கூழைக்கடாவைப் போல் முழுதும் தோய்வதில்லை. அதன் ஆபத்து வேறு. அதன் நண்டும் பூச்சியும் இருக்கும் சேற்றில் எண்ணெய் படிந்துவிடுகிறது. இரையில்லாத கரையை விட்டு அது நகர்ந்துவிடும். முதியவரை நான் கேட்டேன்: "பெரியவரே, சாம்பல் மூடிய இடத்தில் மடையான் நிற்கிறதா?" அவர் சற்று யோசித்து, "இல்லை. அங்கே அதற்கு என்ன இருக்கிறது?" என்றார். கேட்ட நானும் சொன்ன அவரும் சிறிது நேரம் பேசவில்லை.

வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் அவர்களுக்கு வேடந்தாங்கல் வரலாற்றைச் சொன்னேன். செங்கற்பட்டுச் சீமையில் அவ்வூர் ஏரியில் நிற்கும் கடம்ப மரங்களில் மழைக்குப்பின் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன; மடையானும் அவற்றுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சோல்ஜர்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். லயோனல் பிளேஸ் என்பவர் கலெக்டராயிருந்த காலத்தில், 1798-ஐ ஒட்டி, பறவைகளைக் காக்க ஊராருக்கு உரிமையளித்துக் கவுல் கொடுக்கப்பட்டது. 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அரசாங்கம் அதைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது. 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அது பட்டியலில் சேர்ந்தது.

ஊரார் அவ்வளவு அக்கறை கொண்டது புண்ணியத்துக்காக மட்டுமன்று. பறவையின் எச்சம் ஏரி நீரில் கரைகிறது. அந்நீர் பாயும் வயலுக்கு எரு தனியே குறைவாகவே வேண்டும். பறவைகள் சுற்றிலும் பல மைல் தூரத்து வயல், குளம், கழிகளிலிருந்து மீனும் நண்டும் தின்று, இரவில் வந்து தங்குமிடத்தில் எருவாகப் போடுகின்றன. வண்டிச் சத்தமில்லாமல் எரு வந்து சேர்கிறது. நமது நாட்டின் முதல் ஐக்கிய நாணய சங்கம் 1904-இல் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் ஏற்பட்டது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வேடந்தாங்கல் குடிகள் பறவைகளைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பங்கைச் சர்க்காரிடம் எழுத்தில் வாங்கியிருந்தார்கள். நெடுங்காலம் அவ்வூரார் பறவைகளுக்குத் தொந்தரவாகும் என்று வேட்டுப் போடாமலே தீபாவளி கொண்டாடி வந்ததும் யாவரும் அறிந்ததே.

இதைக் கேட்ட காரியதரிசி, "எங்கள் கழியில் கொக்கு எருப் போட்டு எங்களுக்கு என்ன பயன்? நாங்கள் நெல் விதைக்கிறவர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேடந்தாங்கலைப் போன்ற நேரான லாபத்தை எண்ணூரில் நான் காட்ட முடியாது. ஆனால் வேறொரு பயன் உண்டு. நீர் கெட்டுவிட்டது என்று மீனவன் மனுப் போட்டால், எப்போது, எங்கே, எவ்வளவு என்று கேட்கிறார்கள். ரசாயனப் பரிசோதனைக்கு நமது சங்கங்களில் கருவி இல்லை. ஆனால் இன்ன தேதியில் இன்ன கரையில் இத்தனை மடையான் நின்றது, அடுத்த மாதம் ஒன்றும் நிற்கவில்லை, அதே நாட்களில் வலையில் விழுந்த சரக்கு இவ்வளவு என்று தொடர்ந்து எழுதிய பதிவேடு ஒன்று இருக்குமானால், அது வெறும் வாய்ப்பேச்சாகாது. மடையான் பெரும்பாலும் தூரதேசம் போகும் பறவையன்று. நீரும் இரையும் உள்ளவரை ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் இருப்பது. ஆதலின் குளிர்காலத்தில் மட்டும் வந்துபோகும் உள்ளான் முதலியவற்றைக் காட்டிலும் இதன் வருகையையும் நீக்கத்தையும் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. எண்ணவும் சுலபம், கூட்டமாகப் பறக்காமல் தனித்தனியே நிற்கும். ஆனால் மரத்தில் அடையும் வேளையில் எண்ணக்கூடாது. நீர் வற்றும் வேளையில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். கூடு கட்டும் காலத்தில் எண்ணிக்கை மாறும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் பருவ மாறுதலை நாசம் என்று எழுதிவிடுவோம்.

ஏரிப்பாசனமுள்ள கிராமச் சங்கங்களும் இவ்வாறு செய்யலாம். பூச்சிமருந்து தாராளமாகத் தெளித்த வயலில் மடையான் இறங்கினால், விஷமுண்ட பூச்சியைத் தின்று அந்த விஷத்தைத் தானும் சேமிக்கிறது. அந்தக் கணக்கும் ஒருநாள் பதிவேட்டில் தெரியும். கொக்கு இறைச்சி என்று சாலையோரத்தில் விற்பவர்களிடம் வாங்குபவர்கள், சட்டக் குற்றத்தோடு இதையும் யோசிக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பழைய தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டது. முதியவரே எழுந்து அதை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இளைஞர் சிலருக்கு அது திருப்தியில்லை. கொக்கை விட்டுவிட்டு, சாம்பல் கொட்டுகிறவர்களை நாம் என்ன செய்ய முடியும் என்றனர். அவர்கள் கோபத்தை நான் குறை கூறமாட்டேன். கடைசியில், கழியில் நான்கு இடங்களைக் குறித்து, ஒவ்வொரு அமாவாசையும் பௌர்ணமியும் நீர் வற்றும் வேளையில் மடையான்களை எண்ணுவதென்றும், அன்றைய சரக்கின் எடையையும் நீரின் நிறத்தையும் அதே பக்கத்தில் எழுதுவதென்றும், கிளை வெட்டக் கேட்ட தொகையில் ஒரு நோட்டுப் புஸ்தகமும், இறால் தடவுவோர்க்குக் கையுறையும் வாங்குவதென்றும் ஏகமனதாகத் தீர்மானித்தனர்.

நோட்டுப் புஸ்தகத்தை நான் மறுமுறை போனபோது பார்த்தேன். முதியவருக்கு எழுதத் தெரியாது. தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் கண்ட மடையான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கிழித்திருந்தார். சாம்பல் திட்டுக்கு எதிரேயுள்ள மூன்றாவது இடத்தில் ஐந்து தடவையும் கோடே இல்லை. வெறுமையாக விட்டால் எண்ணவில்லை என்று நினைப்பார்களே என்று, அங்கே ஒவ்வொரு முறையும் ஒரு சுழி போட்டு, பக்கத்தில் தம் கட்டைவிரல் ரேகையையும் வைத்திருந்தார்.